ஆழாக்கில் மிஞ்சிய சீட்டு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் சுகம், அங்கே உன் சுகத்தை எழுது என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்தத் தடவை அந்த வரி வரமாட்டேன் என்கிறது. உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. அடுப்பில் சாமைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, நின்றபடியே பிரித்துப் படித்தேன், கஞ்சி அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எனக்கு அடுப்பு நினைவே வந்தது. நீ ஓவர்சியராக நின்று கட்டிய ஏரிக்கரையில், மதகுக்குப் பக்கத்தில் கசிகிற தண்ணீர் ஒரு மாதமாகத் தெளிவாக வந்தது, இப்போது நாலு நாளாகக் கலங்கி வருகிறது என்று எழுதியிருக்கிறாய். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம் என்பதையும் நீயேதான் எழுதியிருக்கிறாய். கரை பத்திரமாக இருக்கிறது என்று திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மதகை அடைத்து இந்த மழைத் தண்ணீரைத் தேக்கிவிடுவார்கள். போடாவிட்டால் உன் வேலை போகும், வேலை போனால் தை மாதத்துக்கு வைத்திருக்கிற கல்யாணம் நிற்கும். இதையெல்லாம் மூன்று பக்கத்துக்கு எழுதிவிட்டு, கரைக்குக் கீழே குடியிருக்கிறவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய். கடைசியில், அப்பா செய்ததுபோலச் சீட்டு எழுதி, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுத்து, என்ன வந்தது என்று அனுப்பு அம்மா, அப்படியே செய்கிறேன் என்று முடித்திருக்கிறாய்.

நான் சீட்டு எழுத மாட்டேன். ஏன் என்று சொல்ல எனக்குப் பதினாறு வருஷம் பிடித்திருக்கிறது. இன்றைக்கும் உன் கடிதம் என் கழுத்தைப் பிடிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். படித்து முடிக்கிற வரைக்கும் எங்கேயும் எழுந்து போகாதே.

நம் வீட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும். எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் அப்பா அரிசி அளக்கிற பித்தளை ஆழாக்கைக் கழுவித் துடைத்து மேஜையில் வைப்பார். ஜெபம் பண்ணுவது அவர், சீட்டு எழுதுவது நான், கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது நீ. மூன்று பேருக்கும் மூன்று வேலை, ஆகையால் யாருடைய சொந்த இஷ்டமும் உள்ளே நுழைய முடியாது, கர்த்தருடைய சித்தம் மட்டும்தான் வெளியே வரும் என்பது அவருடைய கணக்கு. அவர் நல்ல மனுஷன். மலைமேல் சம்பளம் ஒழுங்காக வராத ஊழியத்துக்கு உபதேசியாராக வந்து, ஒரு நாளும் முணுமுணுக்காதவர். ஆனால் இந்த ஆழாக்கு விஷயத்தில் கொஞ்சம் மிஞ்சித்தான் போனார். வெள்ளாட்டை விற்பதா வேண்டாமா என்பதற்குக்கூடச் சீட்டுப் போட்டார். “ஆட்டுக்கிட்டயே கேட்டுட்டா ஜோலி முடிஞ்சிது” என்றேன், ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஆராதனை முடிந்ததும் சபையார் உன் வலது கையைப் பிடித்து, கர்த்தர் பிடித்த கை என்று முத்தம் கொடுப்பார்கள். நீ அதை இன்னும் மறக்கவில்லை. உனக்குப் பார்த்திருக்கிற பெண்ணிடம்கூட அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்தக் கையைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

உனக்கு அப்போது ஏழு வயது. ஐப்பசி மாதம், மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்று விடியற்காலையில் விட்டிருந்தது. காலை ஜெபம் முடிந்து நாம் எழுந்திருக்கும்போது காளியப்பன் வாசலில் நின்றார். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். “நர்சம்மா, எங்க வூட்ல ரெண்டு நாளா நோவுதுங்க. தலைக்குப் பதிலா காலு வருதுன்னு மருத்துவச்சி சொல்லுது. நீங்க வரணுங்க” என்றார். கால் முன்னால் வருகிற பிரசவத்தைக் கீழே ஆஸ்பத்திரியில் படிக்கும்போது எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மலைக்கு வந்தபின் மூன்று பேருக்குத் தனியாகவே பார்த்திருக்கிறேன், மூன்று தாயும் பிழைத்தார்கள். இதை நீ மறக்கக் கூடாது. என்னால் முடியாத வேலைக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

“ஓடையில தண்ணி எவ்வளவு போவுது?” என்று கேட்டேன். “முட்டிக்குத்தாங்க. நான் தாண்டித்தானே வர்றேன்” என்றார். முட்டிக்குக் கீழேதான் அவர் வேட்டி நனைந்திருந்தது, அதையும் பார்த்தேன். ஆனால் முந்தின வருஷம் அதே ஓடையில் பாறை வழுக்கி விழுந்து மூன்று மாதக் கருவை இழந்தவள் நான். அன்றைக்கு உன் தங்கச்சி ஐந்து மாதமாக என் வயிற்றில் இருந்தாள். காளியப்பன் பேசப் பேச எனக்கு அந்தப் பாறையின் பாசிதான் காலுக்கடியில் தெரிந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வேறொன்றும் தேவையில்லை, அந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் நம் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லையே ராசா. ஒன்று கர்த்தருடைய சித்தம், இல்லாவிட்டால் சித்தமில்லை. உபதேசியார் பெண்சாதி பயப்படுகிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும், அவர் என்ன நினைப்பார் என்று நாக்கை மடக்கிக்கொண்டேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு அப்பாவும் தயங்கினார். “கர்த்தர்கிட்ட கேப்போம்” என்று சொல்லி ஆழாக்கை எடுத்து வைத்தார்.

அவர் முழங்கால்படியிட்டுக் கண்ணை மூடினார். நான் காகிதத்தைக் கிழித்தேன். ஒன்றில் போ என்றும் இன்னொன்றில் போகாதே என்றும் எழுத வேண்டும். முதல் சீட்டில் போகாதே என்று எழுதினேன். இரண்டாவது சீட்டிலும் போகாதே என்று எழுதினேன். இரண்டையும் அழகாகவே எழுதினேன். சுருட்டி ஆழாக்கில் போட்டுக் குலுக்கினேன். நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்தபடி இரண்டு விரலால் ஒன்றை எடுத்தாய். அப்பா பிரித்துப் படித்தார். வாசலுக்குப் போய்க் காளியப்பனிடம், “கர்த்தர் வேணாம்னு சொல்ட்டாருப்பா. நாங்க இங்க இருந்தே ஜெபம் பண்றோம்” என்றார். காளியப்பனுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், உன்னையும் பார்த்தார். பிறகு, “உங்க சாமிக்கு என் பொண்டாட்டி பேரு தெரியுங்களா ஐயா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் உள்ளே போய் நோவுக்கு ஒரு பாட்டில் மருந்து ஊற்றி எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அந்த மருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் படி இறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் என்னை இன்றைக்கும் சும்மா விடுவதில்லை. “தண்ணிக்குப் பயந்துக்கறீங்கன்னா, நாலு பேரைக் கூட்டியாந்து டோலி கட்டித் தூக்கிட்டுப் போய்டலாம்னு நெனச்சேங்க. உங்க சாமியே வேணான்னா இன்னா பண்றது” என்றார். டோலி. மலையில் தினமும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எனக்கு அது தோன்றவே இல்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த வழி தானாக எதிரே வந்து நின்றிருக்கும். சீட்டில் இரண்டு வழிதான் உண்டு, அந்த இரண்டையும் நான் ஒன்றாக்கி வைத்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா, இல்லை.

அவர் போனதும் மிஞ்சின சீட்டை அடுப்பில் போட வேண்டும் என்று திரும்பி வந்தேன். ஆழாக்கு காலியாக இருந்தது. மேஜைக்கு அடியில் தேடினேன், பாயை உதறினேன், உன் சட்டைப் பையைக்கூடப் பார்த்தேன். இல்லை. காற்றில் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குக் காற்றே இல்லை. அந்த நாளிலிருந்து வீட்டில் எந்தச் சுருண்ட காகிதத்தைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன்.

ஐந்தாம் நாள் காளியப்பன் வந்தார். மருந்து பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவி, துணியில் துடைத்து, கையில் வைத்திருந்தார். “ரெண்டு பேரும் போய்ட்டாங்க நர்சம்மா. பாட்டிலு உங்களுது” என்று சொல்லிப் படியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து வெகு காலம் ஒருவரும் நம் வீட்டை ஒட்டி நான் நடத்தின மருந்தறைக்கு வரவில்லை. கூப்பிட்டால், உங்கள் சாமிதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதே என்பார்கள். காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள், பாம்பு கடித்தும் வரவில்லை. நான் இரண்டு பேரைத்தான் கொன்றேன் என்று நினைத்திருந்தேன். எத்தனை பேர் என்று எனக்கு இன்றைக்குத் தெரியாது. உன் தங்கச்சி பிறந்தாள், நல்ல சிவப்பாக, கொழுகொழுவென்று. அவளைத் தூக்கிக் கொஞ்சும்போதெல்லாம் அந்தப் படியில் பாட்டில் நிற்கும்.

அந்த வாரத்தோடு அப்பா சீட்டுப் போடுவதை விட்டுவிட்டார். ஆழாக்கு அரிசிப் பானைக்குள் போய்விட்டது. ஏன் என்று நீ கேட்டபோது, “நீ பெரியவனாய்ட்ட, இனிமே கை கேக்காது” என்று உன் தலையைத் தடவினார். நீ அழுதாய். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார், உபதேசியாருக்குக் காய்ச்சல் என்று சபையார் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவரை அடக்கம் பண்ணிவிட்டு நீ கீழே போன பிறகு, அவருடைய வேதத்தின் கிழிந்த அட்டைத் துணியைத் தைக்க எடுத்தேன். துணிக்கும் அட்டைக்கும் நடுவில் இரண்டு சீட்டு இருந்தது. நீ எடுத்ததும், ஆழாக்கில் மிஞ்சியதும். அவர் அன்றைக்கே பிரித்துப் பார்த்திருக்கிறார். நான் வாசலிலிருந்து திரும்புவதற்குள் பார்த்திருக்கிறார். காளியப்பன் அப்போது நம் வேலியைத் தாண்டியிருக்க மாட்டார், கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஏன் கூப்பிடவில்லை என்று நான் அந்த மனுஷனுடைய கல்லறைக்குப் போய்க் கேட்டிருக்கிறேன். என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் இருந்திருக்கலாம். கர்த்தர் சொன்னார் என்று வாயால் சொன்ன பிறகு, இல்லை, என் பெண்சாதி சொன்னாள் என்று எப்படித் திருத்துவது என்று திகைத்திருக்கலாம். பதினாலு வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டோம், ஒரே பாயில் ஜெபம் பண்ணினோம், ஒருவருக்கொருவர் தெரியாது என்று இரண்டு பேரும் நடித்தோம். அவர் ஒரு நாள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, என் மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். கலங்கி வருகிறது என்பதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். எழுதினதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாததா என்ன? என்ன செய்வது என்று நீ கர்த்தரிடம் கேட்கவில்லை, உனக்கு முன்பே தெரிந்ததற்கு வேறு யாராவது பொறுப்பு ஏற்பார்களா என்று கேட்கிறாய். எனக்கு இந்த வாசனை தெரியும், நானே சமைத்தது. வேதத்திலேயே சீட்டுப் போட்டிருக்கிறார்களே என்று நீ சொல்வாய். போட்டிருக்கிறார்கள்தான். தெரியாத இடத்தில் போட்டார்கள், தெரிந்ததை மறைக்கப் போடவில்லை. மனசாட்சி என்று கர்த்தர் ஒன்றை வைத்திருக்கிறார், அதைப் பேச விடாமல் வாயைப் பொத்திவிட்டு ஆழாக்கைக் குலுக்கினால் அவர் எப்படிப் பேசுவார்? அவர் அன்றைக்குப் பேசத்தான் செய்தார் என்று இப்போது நினைக்கிறேன். டோலி கட்டுகிறோம் என்று படியில் நின்று சொன்னார். நாங்கள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பயமாக இருக்கிறது என்று முதலில் நீ சொல்லு. உன் பெரிய அதிகாரியிடம் சொல், வேலையை எடுத்துச் செய்கிற காண்டிராக்டரிடம் சொல். அந்தப் பெண்ணிடம் சொல், அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கலங்கின தண்ணீரைக் காட்டு. கல்யாணம் நின்றால் நிற்கட்டும். அதைப் பார்த்த பிறகும் கையெழுத்துப் போடச் சொல்கிற வீட்டில் நீ எப்படிச் சாப்பிட்டு எழுந்திருப்பாய்? கரைக்குக் கீழே இறங்கிப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேர் கேள். பேர் தெரிந்த பிறகு உன் பேனா எப்படி ஓடுகிறது என்று பார். ஒருவேளை இந்தக் கடிதம் வருவதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தாயானால், போட்டாயிற்றே என்று உட்கார்ந்துவிடாதே. ஓடிப்போய்க் கூப்பிடு. அப்பா கூப்பிடாமல் விட்ட இடம் அதுதான்.

உன் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏழு வயதுக் கையில் ஒரு குற்றமும் இல்லை ராசா. நான் வைத்ததை அது எடுத்தது, அவ்வளவுதான். கர்த்தர் பிடித்த கை என்ற பெருமையை உன்னிடமிருந்து பிடுங்குவது எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உனக்கு ஒரு பிள்ளை பிறந்த பிறகு தெரியும். ஆனால் திங்கட்கிழமை பேனாவைப் பிடிக்கிற கை உன்னுடையது. அதற்குள் நான் எதையும் சுருட்டி வைக்க மாட்டேன்.

இங்கே காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. நான் எழுத உட்கார்ந்தபோது தூறல், இப்போது எதிர் மலை தெரியவில்லை. நம் ஓடைதான் கீழே இறங்கி உன் ஏரிக்கு வருகிறது, உனக்கே தெரியும். இங்கே பெய்கிற தண்ணீர் நாளைக்கு உன் கரையில் வந்து நிற்கும். இன்றைக்குச் சனிக்கிழமை, தபாலில் போட்டால் திங்கட்கிழமை தாண்டித்தான் உனக்குக் கிடைக்கும். ஆகையால் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கொண்டுவருகிறவர் காளியப்பன். நாலைந்து வருஷமாக வாரம் ஒரு நாள் தேனும் கடுக்காயும் எடுத்துக்கொண்டு அடிவாரத்து ஆலங்காயம் சந்தைக்கு இறங்குகிறார், போகும்போது வாசலில் நின்று நர்சம்மா என்று ஒரு குரல் கொடுப்பார், வீட்டுக்குள் மட்டும் வந்ததில்லை. இப்போதும் நனைந்துகொண்டு தாழ்வாரத்து ஓரத்தில்தான் நிற்கிறார். இன்றைக்கு இறங்குவதில்லை என்று சொல்லத்தான் வந்தார். ஆலங்காயத்தில் உன் அறையில் இதைச் சேர்க்க வேண்டும், பையனுக்கு அவசரம் என்றேன். மேலே வானத்தைப் பார்த்தார். “ஓடை ஏர்றதுக்குள்ள இப்பவே போனா தாண்டிடலாம். சீக்கிரம் எழுதிக் குடுங்க” என்றார். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

இறங்குகிற வழியில் அவர் மறுபடி தாண்ட வேண்டியதும் அதே ஓடைதான். என் பிள்ளைக்காக என்றதும் ஒரு மனுஷனை அதற்குள் இறக்கிவிடுகிறேன் பார். இதையும் நீ தெரிந்துகொள். அவர் திரும்பி வந்ததும் இந்தக் கடிதத்தில் உள்ளதை அவருக்கு என் வாயால் சொல்லப் போகிறேன். உனக்கு எழுதுவதைவிட அது கஷ்டம், ஆனாலும் சொல்வேன். அவர் திரும்பி வர வேண்டும். உன் வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிடு, உலர்ந்த துணி கொடு, சோறு போடு, தண்ணீர் வடிகிற வரைக்கும் அனுப்பாதே. உறைக்குள் இரண்டு சீட்டும் இருக்கிறது. நீ கேட்ட சீட்டு அதுதான், இரண்டையும் பிரித்துப் படி.

மேலே எழுதினதை முடித்துவிட்டு, இப்போதுதான் எழுந்து போய் அவரிடம் அவர் மனைவியின் பெயரைக் கேட்டேன். பதினாறு வருஷத்தில் உன் அப்பாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. “இன்னாத்துக்கு நர்சம்மா இப்ப?” என்றார். தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். தோளில் கிடந்த நனைந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். பிறகு சொன்னார்.

பூங்காவனம்.

உன் அம்மா